எசேக்கியாவின் துணைவலி

மக்கள் வாழ்க்கை வலியை நாடும் வாழ்க்கையாகும். உடல்வலி, பொருள்வலி, கல்விவலி, படைவலி, சுற்றத்தின் வலி என்னும் இவற்றுள் ஒன்றையேனும் பற்றுக்கோடாகக் கொள்ளாது உலகில் வாழ்வார் எவருமிலர். ஒரு செயலைத் தொடங்குமுன் அதற்குரிய வலியை அளந்தறிதல் அறிவுடைமை என்பது நம் முன்னோர் கொள்கை. திருவள்ளுவனார் பொருட்பாலில் ‘வலியறிதல்’ என ஓரதிகாரமே வகுத்து, செய்யும் வினையின் வலி, தன்னுடைய வலி, பகைவனுடைய வலி, இருவர்க்கும் துணையாய் வருவாருடைய வலி என்னும் நான்கனையும் சீர்தூக்கிய பின்னரே வினையில் இறங்குதல் வேண்டுமென அறிவுறுத்தினார்.

கிறிஸ்தவத் திருமறையோ, மனிதன் தன் புயவலியை நம்பாது இறைவன் வலியையே சார்ந்து நிற்றல் வேண்டுமென யாண்டும் வற்புறுத்துகின்றது. இவ்விரு கொள்கைகளும் தம்முள் முரணுவனவோ என்னும் ஐயம் கற்பார் உள்ளத்தில் எழுதல் இயல்பே. இறைவலியைச் சார்தல் என்பது கைகட்டி வாளா இருத்தலாயின், முயற்சிக்கு இடனின்றாகும். அன்றி, முயற்சியெல்லாம் நம்முடையதாக, இறைவன் பெயரை நாவினால் மட்டும் கூறுதலே சார்தலாயின், அது வெறும் உபசார மொழியாய் முடியும். இவ்விரண்டு குழிகளிலும் வீழாது நடுவே செல்லும் வழி யாது? இதனை வெறும் நியாயங்களால் ஆராய்வதினும், மெய்யாக நிகழ்ந்த ஒரு வரலாற்றில் வைத்து ஆராய்தல் நலமென்று கருதி, யூதா நாட்டு வேந்தனாகிய எசேக்கியாவின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். கி.மு. 701-ஆம் ஆண்டில் அவனுக்கு நேர்ந்த இடுக்கணுக்குத் திருமறையே அன்றிப் பகைவர் எழுதிவைத்த சாசனமும், மண்ணும் பாறையும் சான்று பகர்கின்றன. ஆதலின் அது நம் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றதாம்.

1. நாடும் காலமும்

யூதா ஒரு சிறு மலைநாடு. அதன் தெற்கே எகிப்தும், வடகிழக்கே அசீரியாவும் இரு பேரரசுகளாய் நின்றன. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அசீரியா கரையுடைத்த வெள்ளம்போற் பரவி, சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கி வந்தது. எசேக்கியாவின் தந்தையாகிய ஆகாஸ், அண்டைநாட்டார் இருவர் தன்மேற் படையெடுத்த காலை, அஞ்சாது அமைந்திருக்குமாறு ஏசாயா தீர்க்கதரிசி கூறிய மொழியைக் கொள்ளாது, ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் அனுப்பி அசீரிய வேந்தனாகிய திகிலாத்பிலேசரைத் துணைக்கு அழைத்தான். துணையாக வந்தவன் தலைவனாக நிலைத்தான். வடபால் இருந்த இஸ்ரவேல் அரசு மூன்றாண்டு முற்றுகைக்குப்பின் கி.மு. 722-ஆம் ஆண்டளவில் அழிந்தது. அதன் தலைநகராகிய சமாரியாவின் குடிகள் சிறைப்பட்டுப் போயினர். எருசலேமுக்கும் சமாரியாவுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு நாள் நடையே உண்டு. ஆகவே அவ்வழிவின் செய்தி எருசலேமில் வாழ்ந்தார்க்கு வேற்றுநாட்டுக் கதையாக இருந்திருக்க இயலாது.

கி.மு. 705-இல் அசீரிய வேந்தன் சர்கோன் போர்க்களத்தில் இறந்தான். அவன் மகன் சனகெரிப் அரியணை ஏறினான். ஆட்சி மாறும் காலமே விடுதலைக்குரிய காலமெனக் கருதிப் பல நாட்டார் திறை செலுத்த மறுத்தனர். எசேக்கியாவும் அவருள் ஒருவன். கிழக்கே தோன்றிய கலகத்தை அடக்கிவிட்டுச் சனகெரிப் தன் மூன்றாம் படையெடுப்பில் மேற்கு நோக்கித் திரும்பினான். அவன் வருகையே நாம் ஆராய எடுத்துக்கொண்ட நிகழ்ச்சியின் தொடக்கம்.

2. மதிலும் சுரங்கமும்

தமிழ் இலக்கண நூலார் மதிலை வளைத்துப் பொருதலை உழிஞை என்றும், வளைக்கப்பட்ட மதிலைக் காத்தலை நொச்சி என்றும் பெயரிட்டனர். எசேக்கியா நொச்சி வேந்தன். அவன் கைகட்டி இருந்தானல்லன். இடிந்த மதிலைப் புதுக்கினான். அதற்குப் புறத்தே மற்றொரு மதில் எடுத்தான். படைக்கலங்களும் கேடகங்களும் மிகுதியாகச் செய்வித்தான். பகைவர்க்குத் தண்ணீர் கிடையாதவாறு நகர்ப்புறத்து ஊற்றுக்களைத் தூர்ப்பித்தான் என நாளாகம நூல் கூறுகின்றது.

இவற்றுள் மதிலின் ஒரு பகுதியை 1970-ஆம் ஆண்டுகளில் நாகுமான் அவிகாத் என்னும் தொல்பொருள் அறிஞர் எருசலேமின் பழநகரில் அகழ்ந்து கண்டார். அதன் அகலம் ஏறக்குறைய 7 மீட்டர். அது குடிகள் வாழ்ந்த வீடுகளை இடித்து, அவற்றின்மீதே எழுப்பப்பட்டுள்ளது. மதிலை வலுப்படுத்த வீடுகள் எண்ணப்பட்டும் இடிக்கப்பட்டும் போயினவென்று ஏசாயாவின் நூல் கூறுவதற்கு இஃது எத்துணைப் பொருத்தமான சான்று!

மதிலினும் வியக்கத்தக்கது சுரங்கம். எருசலேமுக்கு நிலையான நீர் தந்தது கீகோன் என்னும் ஊற்று. அது நகரின் கீழ்ப்பால் கீதரோன் பள்ளத்தாக்கின் சரிவிலுள்ளது. முற்றுகை நேரின் அது பகைவர்க்கே பயன்படும். நகர் விடாயால் மடியும். ஆதலின், அவ்வூற்றின் நீரை மலையின் வயிற்றினூடே கொணர்ந்து, மறுபுறத்தே சீலோவாம் குளத்தில் வீழ்த்துமாறு ஒரு சுரங்கம் குடையப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 533 மீட்டர். நேர்கோடாகக் குடைந்திருப்பின் 320 மீட்டரளவே போதுமாயிருக்கும். அதுவோ பாம்பு நெளிவதுபோல் வளைந்து செல்கின்றது. இரண்டு கூட்டத்தார் இரு முனையினின்றும் தொடங்கி, பாறையின் உள்ளே வந்து சந்தித்தனர். தொடக்கத்திற்கும் முடிவிற்கும் உள்ள தாழ்வு ஏறக்குறைய 30 சென்டிமீட்டரே; எனினும் நீர் தடையின்றி ஓடுகின்றது.

1880-ஆம் ஆண்டில் சீலோவாம் பக்கத்து வாயிலருகே நீரில் இறங்கிய சிறுவனொருவன் பாறைச்சுவரில் எழுத்துக்கள் இருத்தலைக் கண்டான். ஆறு வரிகள் கொண்ட அக்கல்வெட்டு இப்பொழுது இஸ்தான்புல் நகரத்துப் பொருட்காட்சிச்சாலையில் உள்ளது. இன்னும் மூன்று முழமே குடைய வேண்டியிருந்தபொழுது ஒருவன் மற்றொருவனை அழைக்கும் குரல் பாறையினூடே கேட்டமையும், குந்தாலிக்கு எதிரே குந்தாலி வீழ்ந்து துளை திறந்தமையும், நீர் 1200 முழம் ஓடிக் குளத்தைச் சேர்ந்தமையும், தொழிலாளர் தலைக்குமேல் 100 முழ உயரம் பாறை இருந்தமையும் அதிற் கூறப்படுகின்றன. 2003-ஆம் ஆண்டில் அறிவியலார் சுரங்கத்துச் சாந்திற் கலந்துள்ள தாவரத் துகள்களை ஆராய்ந்து, இது கி.மு. 700-ஐ ஒட்டியதென்னும் கருத்தை வலியுறுத்தினர்.

அக்கல்வெட்டில் வேந்தன் பெயர் இல்லை. இறைவன் பெயரும் இல்லை. பாறையின் இருளில் விளக்கொளியிற் பாடுபட்ட தொழிலாளருடைய மகிழ்ச்சி ஒன்றே அதில் உள்ளது. அம்மகிழ்ச்சி குற்றமுடையதன்று. ஆயின் தொழிலின் பெருமை நிறைந்த அவ்விடத்தில் நின்று நாம் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: இத்துணை வலிய மதிலும் இத்துணை நுட்பமான சுரங்கமும் உடையார்க்கு இறைவன் துணை எதற்கு?

3. ஏசாயா கண்ட குற்றம்

இவ்வினாவிற்கு விடை ஏசாயாவின் நூல் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. அப்பகுதி இம்முற்றுகைக் காலத்தையே சார்ந்ததென அறிஞர் பலர் கருதுவர். எருசலேமில் வாழ்வார் ஆயுதசாலையை நோக்கினர். மதிலின் பிளவுகளை எண்ணினர். குளத்து நீரைத் தேக்கினர். இரு மதில்களுக்கிடையே நீர்நிலை அமைத்தனர். ஆயின் இவற்றையெல்லாம் ஆக்கியவரை நோக்கவில்லை எனத் தீர்க்கதரிசி கடிந்து கூறுகின்றார்.

இக்கண்டனத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும். குளம் தோண்டியது குற்றமென்று அவர் கூறினாரல்லர். மதிலை இடித்துவிடுக என்று பணித்தாருமல்லர். கண்கள் எதன்மேல் நிலைத்தன என்பதே அவர் கேள்வி. செய்த செயல் ஒன்றே. அதனை இறைவனை நோக்கியும் செய்யலாம், நோக்காதும் செய்யலாம். நோக்காது செய்தவர் யாவர் என்பதனை அவர்தம் நடக்கையே காட்டிற்று. மனந்திரும்பி அழவேண்டிய நாளில் அவர்கள் ஆடுமாடுகளை அடித்து விருந்துண்டனர். நாளை இறப்போமாதலின் இன்று களிப்போம் என்றனர். தன் வலியையே நம்புவார்க்கு அவ்வலி போதாதென்று கண்டவுடன் எஞ்சுவது களியாட்டோ கையறவோ ஆகும். அவ்விரண்டும் ஒரு வேரில் முளைத்தனவே.

எகிப்தை நம்பியதையும் ஏசாயா இவ்வாறே கடிந்தார். கழுதைகளிலும் ஒட்டகங்களிலும் செல்வத்தை ஏற்றிக்கொண்டு பாலைவழியே துணைநாடிச் சென்ற தூதர்களை அவர் எள்ளி நகையாடினார். எகிப்தின் குதிரைகளும் தேர்களும் மிகப் பலவேயாயினும், அவை இறந்துபடும் ஊனுடம்பினவே என்பதனை நினைவூட்டினார். மனந்திரும்பி அமைந்திருத்தலிலும் நம்பிக்கையிலுமே யூதாவின் வலி உள்ளதென்பது அவர் உபதேசத்தின் சாரம். மக்களோ விரைந்த குதிரைகளையே விரும்பினர்.

4. பொன்னாற் பெற்ற அமைதி

சனகெரிப்பின் படை கடற்கரை வழியே வந்து யூதாவின் நகரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. எகிப்தியப் படை எல்தெக்கே என்னுமிடத்தில் முறியடிக்கப்பட்டதென அசீரிய சாசனம் கூறும். துணைவலி இவ்வாறு ஒடிந்தது. அந்நிலையில் எசேக்கியா, தான் பிழைசெய்ததாக ஒப்புக்கொண்டு, விதிக்கும் திறையைச் செலுத்துவதாக லாகீசில் இருந்த சனகெரிப்புக்குச் சொல்லியனுப்பினான். முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் விதிக்கப்பட்டன. அரண்மனைப் பொக்கிஷமும் ஆலயப் பொக்கிஷமும் போதாமையால், ஆலயக் கதவுகளில் தானே பதித்திருந்த பொற்றகட்டையும் உரித்துக் கொடுத்தான்.

ஈண்டு யாம் மறைத்தற்குரியது யாதுமில்லை. எசேக்கியா தொடக்கமுதல் இறுதிவரை அசையாத நம்பிக்கையுடன் நின்ற வீரனாகத் திருமறையிற் காட்டப்படவில்லை. மதிலை நாடினான், எகிப்தை நாடினார்க்கு இடங்கொடுத்தான், பொன்னை நாடினான். தந்தை செய்த பிழையையே மைந்தனும் ஒருவாறு செய்தான். பொன்னைப் பெற்ற பின்னரும் பகைவன் தன் படையை எருசலேமுக்கு அனுப்பினான். விலைகொடுத்துப் பெற்ற அமைதி கொடுத்த பொன் கைமாறும் அளவே நின்றது.

இச்செய்தியைப் பகைவரும் எழுதியுள்ளனர். நினிவேயிற் கிடைத்து, டெய்லர் என்னும் ஆங்கிலேயரால் 1830-இற் பெறப்பட்டு, இன்று இலண்டன் பிரிட்டிஷ் காட்சிச்சாலையில் உள்ள ஆறுபட்டைக் களிமண் சாசனத்தில், சனகெரிப் தான் யூதாவின் அரண்மிக்க நகரங்கள் 46-ஐப் பிடித்ததாகவும், 200,150 மக்களைக் கைக்கொண்டதாகவும், எசேக்கியாவைக் கூண்டிலிட்ட பறவையைப்போல் எருசலேமில் அடைத்ததாகவும் கூறிக்கொள்கின்றான். திறைப்பொன் முப்பது தாலந்து என்பதில் அச்சாசனமும் திருமறையும் ஒத்துள்ளன. வெள்ளி மட்டும் சாசனத்தில் 800 தாலந்தாக உள்ளது.

5. ரப்சாக்கேயின் கணக்கு

எருசலேமின் மதிற்புறத்தே, மேற்குளத்துச் சாலையருகே வந்து நின்ற அசீரியத் தலைவன் ரப்சாக்கே. அவன் பேச்சு திருமறையிலுள்ள அரசியற் பேச்சுக்களுள் மிகக் கூரியது. வள்ளுவனார் கூறிய நான்கு வலிகளையும் அவன் ஒவ்வொன்றாக எடுத்து எறிந்தான் என்னலாம். வினைவலியாவது யாது? போருக்கு வேண்டிய சூழ்ச்சியும் திறமும் உண்டென்பது வெறும் வாய்ச்சொல் என்றான். தன்வலியாவது யாது? இரண்டாயிரம் குதிரைகளை யான் தந்தால், அவற்றின்மேல் ஏறுதற்கு நும்மிடம் ஆள் உண்டோ என்று நகைத்தான். துணைவலியாவது யாது? எகிப்து முறிந்த நாணற்கோல். ஊன்றுவான் கையையே அது குத்தும் என்றான். மாற்றான் வலியோ, அவன் பின்னே அணிவகுத்து நின்ற படையே அதனைப் பேசிற்று.

இம்மூன்றும் பொய்யென்று எவரும் மறுக்க இயலாது. யூதாவிற் குதிரைவீரர் இல்லை. எகிப்து முறிந்த கோலே. ஏசாயா கூறியதும் இதுவேயன்றோ! பகைவனும் தீர்க்கதரிசியும் ஈண்டு ஒருகுரலாகப் பேசுகின்றனர். ஆயின் ரப்சாக்கே அத்துடன் நில்லாது, பிறநாட்டுத் தெய்வங்கள் தம் நாடுகளைக் காவாதவாறே யூதாவின் தேவனும் காவார் என்றான். கண்ணாற் கண்ட வலிகளைப் பிழையின்றி அளந்த அவன், அளத்தற்கு அரியதனையும் அதே முகத்தலளவையால் அளக்கப் புகுந்தான். அதுவே அவன் கணக்கிற் புகுந்த பிழை.

அவன் அரமேய மொழியிற் பேசுமாறு எசேக்கியாவின் அதிகாரிகள் வேண்டவும், கொள்ளாது, மதில்மேலிருந்த எளிய மக்களுக்கு விளங்கும் யூத மொழியிலேயே உரத்துக் கூறினான். மக்களோ வேந்தன் பணித்தவாறே மறுமொழி ஒன்றும் கூறாது வாளா இருந்தனர். அமைந்திருத்தலே வலி என்று ஏசாயா நெடுநாள் கூறியும் கேளாத நகர், மற்றெல்லாப் பற்றுக்கோடும் அற்ற அந்நாளில், முதன்முறையாக அமைந்திருந்தது.

6. விரித்து வைத்த நிருபம்

பின்னர்ச் சனகெரிப்பினிடமிருந்து அச்சுறுத்தும் நிருபம் வந்தது. எசேக்கியா அதனை வாங்கி வாசித்து, ஆலயத்துக்குச் சென்று, ஆண்டவர் திருமுன் விரித்து வைத்தான். திருமறையில் இதனினும் எளிய செயல் ஒன்று காண்டல் அரிது. பொற்றகடு உரிக்கப்பட்ட கதவுகளைக் கடந்தே அவன் உள்ளே சென்றிருத்தல் வேண்டும். கொடுத்தற்குப் பொன்னும் இல்லை. அனுப்புதற்குத் தூதரும் இல்லை. பகைவன் எழுதிய தாளொன்றே அவன் கையிலிருந்த காணிக்கை.

அவன் வேண்டுதலில் மூன்று கூறுகள் உள. முதலாவது, உண்மையை ஒளியாமை. அசீரியர் பல நாடுகளைப் பாழாக்கியது மெய்யென்று அவன் ஒப்புக்கொள்கின்றான். இறைவலியைச் சார்தல் என்பது பகைவன் வலியைச் சிறிதென்று பாவித்தல் அன்று என்பதனை இதனால் அறிகின்றோம். இரண்டாவது, வேற்றுமை உணர்தல். அழிந்த தெய்வங்கள் மனிதர் கையாற் செய்யப்பட்ட மரமும் கல்லும். தான் வேண்டுவதோ வானும் நிலனும் படைத்தவரை என்கின்றான். மதிலும் சுரங்கமும்கூடக் கையாற் செய்யப்பட்டனவே என்பது கருதற்பாலது. மூன்றாவது, வேண்டுதலின் நோக்கம். ‘யான் நல்லவன், ஆதலாற் காப்பீராக’ என்று ஈண்டு அவன் கூறவில்லை. உலகத்து அரசுகளெல்லாம் நீரே தேவனென்று அறியும்பொருட்டுக் காத்தருளும் என்கின்றான். தன் நகரின் வாழ்வினும் பெரியதொன்றனை அவன் அவ்வேளையில் நோக்கினான்.

7. மீட்சி

சனகெரிப் நகரினுட் புகான், அம்பொன்றும் எய்யான், வந்த வழியே மீள்வான் என ஏசாயாவின் வாயிலாக விடை வந்தது. அவ்விரவில் ஆண்டவருடைய தூதன் அசீரியர் பாளையத்தில் 185,000 பேரை மாய்த்தான் என்றும், சனகெரிப் நினிவேக்குத் திரும்பினான் என்றும் திருமறை கூறுகின்றது. சேனை எவ்வாறு அழிந்ததென அது விரித்துரைக்கவில்லை. கிரேக்க வரலாற்று ஆசிரியராகிய எரொதோத்தசு, எகிப்தின் எல்லையில் எலிக்கூட்டம் சனகெரிப்பின் படையினருடைய வில்நாண்களைக் கடித்தழித்ததாக ஒரு கதை கூறுகின்றார். அதனைக்கொண்டு கொள்ளைநோய் பரவியிருக்கலாமென ஊகிப்பாரும் உளர். அசீரிய சாசனமோ எருசலேமைப் பிடித்ததாக யாண்டும் கூறவில்லை. 46 நகரங்களை எண்ணிச் சொல்லும் மன்னன், தலைநகரைப் பிடித்திருப்பின் அதனைச் சொல்லாது விடுவானோ? தன் அரண்மனைச் சுவரில் அவன் பொறித்துவைத்த வெற்றியும் லாகீசின் வீழ்ச்சியே; எருசலேமின் வீழ்ச்சி அன்று. கி.மு. 681-இல் அவன் தன் மக்கள் கையாலேயே மாண்டான்.

8. லாகீஸ் எழுப்பும் வினா

மீட்சியைக் கூறி இவ்விடத்தே முடித்துவிடுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. நினிவே அரண்மனையினின்று எடுக்கப்பட்ட லாகீஸ் முற்றுகைச் சிற்பங்கள் இன்று பிரிட்டிஷ் காட்சிச்சாலையில் உள்ளன. மதிலை இடிக்கும் பொறிகளும், மதில்மேலிருந்து எறியப்படும் தீப்பந்தங்களும், கழுவிலேற்றப்பட்ட கைதிகளும், மூட்டை சுமந்தும் மாட்டுவண்டியில் ஏறியும் ஊரைவிட்டுப் போகும் பெண்டிரும் சிறாரும் அவற்றிற் செதுக்கப்பட்டுள்ளனர். எருசலேம் பிழைத்தது, லாகீஸ் பிழைக்கவில்லை. அம்மாட்டுவண்டியிற் போன தாயொருத்தி இறைவனை வேண்டியிராள் என்று யார் கூறவல்லார்?

ஆதலின், நம்பினார் வெல்வர், நம்பாதார் தோற்பர் என்று இவ்வரலாற்றை ஒரு வாய்பாடாகச் சுருக்குதல் தகாது. எருசலேமின் வெற்றியும் முழுவெற்றி அன்று. எசேக்கியாவின் மகன் மனாசே அசீரியருக்குக் கீழ்ப்பட்ட மன்னருள் ஒருவனாகவே அவர்தம் சாசனத்திற் குறிக்கப்படுகின்றான். தானியேலின் நூலிற் சூளைமுன் நின்ற இளைஞர் மூவரும், தம் தேவன் தம்மை விடுவிக்க வல்லவரென்றனர். விடுவியாது விடினும் பொற்சிலையை வணங்கோம் என்றும் உடன் கூறினர். பவுல் அப்போஸ்தலர் தம் உடம்பிலிருந்த முள் நீங்குமாறு மும்முறை வேண்டினார். முள் நீங்கவில்லை, தாங்குதற்கு வேண்டிய கிருபையே அவருக்குக் கிடைத்தது, தம் வலியின்மையிலேயே கிறிஸ்துவின் வல்லமை விளங்குமென அவர் கண்டார். இவர்கள் இறைவலியைச் சார்ந்தது பயன் கருதி அன்று. சார்தற்குரியவர் அவரேயாதலின் சார்ந்தனர். இக்கருத்தைக் கொள்ளாதார்க்கு நம்பிக்கை என்பது எகிப்தோடு செய்த உடன்படிக்கை போன்ற மற்றொரு வாணிகமே ஆகும்.

9. மீட்சியே கண்ணியாதல்

எசேக்கியாவிற்கு ஏறக்குறைய நூறாண்டுகட்குப் பின், எருசலேமின் மக்கள் பழைய மீட்சியை நினைந்து செருக்குற்றனர். ஆண்டவருடைய ஆலயம் நம் நடுவே இருக்கப் பகைவர் என்செய்வர் என்றனர். ஏழையை ஒடுக்கியும் பொய்யாணையிட்டும் வாழ்ந்துகொண்டே அவ்வாறு கூறினர். எரேமியா ஆலய வாயிலில் நின்று அதனைப் பொய்ச்சொல்லென்று முழங்கினார். கேட்டவர் அவரைக் கொல்லத் துணிந்தபொழுது, நாட்டு மூப்பர் சிலர் எழுந்து எசேக்கியாவின் காலத்தை நினைவூட்டினர். அவர் நினைவூட்டியது யாது? நகர் வீழாமையை அன்று. சீயோன் வயல்போல் உழப்படுமென மீகா எச்சரித்தபோது, எசேக்கியா அவரைக் கொல்லாது, ஆண்டவருக்கு அஞ்சி மன்றாடினான் என்பதையே நினைவூட்டினர். மூப்பர் வரலாற்றின் உள்ளுறையைக் கண்டனர். மக்கள் அதன் புறத்தோட்டைப் பற்றினர். கி.மு. 586-ஆம் ஆண்டளவில் மதிலும் ஆலயமும் ஒருங்கே வீழ்ந்தன. இறைவன் தந்த உதவியையே இறைவனுக்கு ஈடாக வைத்து நம்புதல் புயவலியை நம்புதலின் மிக நுண்ணிய வடிவம் என்பதனை இதனால் உணர்கின்றோம்.

10. முடிவுரை

தொடக்கத்தில் எழுந்த ஐயத்திற்கு இனி விடை கூறலாம். வலியறிதலும் இறைவலியைச் சார்தலும் முரணுவன அல்ல. நால்வகை வலியையும் நேர்மையாக அளந்தவனே தன் வலி எவ்விடத்தில் முடிகின்றதென அறிவான். அவ்வெல்லையைக் கண்டவனே மெய்யாகச் சார்வான். ‘அரண்’ என்னும் அதிகாரத்தை முடிக்கும் வள்ளுவனாரும், எத்துணைச் சிறப்புடைய அரணும் உள்ளிருப்பார் செயலில் மாட்சியிலராயிற் பயனற்றதாம் என்றார். ஏசாயா அதற்குமேலும் ஒருபடி சென்று, உள்ளிருப்பார் கண் யாரை நோக்குகின்றது என வினவினார்.

நண்பர்காள்! கல்லூரி மாணவராகிய நமக்கும் மதில்களும் சுரங்கங்களும் உண்டு. கற்கும் நூல்களும், பெறும் பட்டங்களும், பெரியோர் தரும் நற்சான்றுகளும், நம் கலாசாலையின் பழம்புகழும் அவை. இவற்றை இகழ்தல் அறியாமை. தேர்வு வருமுன் படியாதிருந்து ஜெபம் மட்டும் செய்வான், ஊற்றைத் தூர்க்காது முற்றுகையை எதிர்நோக்கும் நகரத்தானை ஒப்பான். ஆயின் இவை நம் கண்ணை நிறைத்துவிட்டனவோ என அறிதற்கு எசேக்கியாவின் வரலாறு மூன்று உரைகற்களைத் தருகின்றது. கடிந்துரைக்கும் நல்லோர் சொல்லைப் பொறுத்துக் கேட்கின்றோமா? நம் திறமெல்லாம் தோற்ற நாளில், தோல்வியை மறையாது விரித்து வைத்தற்கு நமக்கோர் இடம் உண்டா? வெற்றி பெற்றபின் தாழ்ந்து நிற்க அறிவோமா? இம்மூன்றாவதில் எசேக்கியாவே ஒருமுறை இடறினான்; உள்ளம் உயர்ந்து, பின்னர்த் தாழ்ந்தான் என நாளாகம நூல் கூறும்.

ஆதலின், சுரங்கத்தைக் குடைவோம். முழமளவு பாறை எஞ்சினும் குந்தாலியைக் கீழே வையாதிருப்போம். நீர் ஓடிவரும் நாளில், அந்நீர் நம் உளியால் உண்டானதன்று, ஊற்றினின்று வந்தது என்பதனை மறவாதிருப்போம். சுரங்கம் வழியே அன்றி ஊற்று ஆகாது. வழியமைத்தல் நம் கடன். சுரத்தல் அவர் அருள்.